பாலம் தூக்கியிருந்த பதினெட்டு நிமிடம்

டுலூத்தில் கப்பல் வந்தால்
பாலம் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும்.
வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருப்பது ஊர் வழக்கம்.
யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

நான் வாங்கியதற்கும் பிரிட்ஜ் லோன் என்றுதான் பெயர்.
இக்கரையில் மேட்டுத் தெருவில் நான் தோண்டிய பள்ளம்,
அக்கரையில் வங்கி தருவதாகச் சொன்ன முப்பது வருஷக் கடன்,
இடையில் கடக்க ஒன்பது மாதம்,
தன் கிளினிக்கை விற்ற பல் மருத்துவர் ஒருவரின் பணம்.
நூற்றுக்குப் பன்னிரண்டு.
கொடுக்கும்போதே இரண்டு விழுக்காடு எடுத்துக்கொண்டார்.

ஏன் வாங்கினாய் என்று அக்கா கேட்கிறாள்.
வங்கியில் மூன்று வருஷத்து வரிக்கணக்கு கேட்டார்கள்,
விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கேட்டார்கள்.
வெண்டல் கிராவுஸ் கேட்டது
தோண்டினால் பாறை எத்தனை அடியில் என்று மட்டும்.
ஐந்தாம் நாள் காசு வந்தது.

வந்தது என்றால், தவணை தவணையாக.
அடித்தளம் பார்த்து ஒரு தவணை,
சட்டம் நிமிர்ந்ததும் ஒன்று,
கூரைக்கு ஒன்று.
ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து படம் எடுத்துப் போனார்.
படம் நன்றாக வரவேண்டுமே என்று
நான் தளத்தைப் பெருக்கிவைத்தேன்.
டெஃபோவின் ஆட்கள் சிரித்தார்கள்.

அக்டோபர் கடைசியிலேயே பனி.
பின்பக்கத் தளத்துக்கு ஊற்றிய கான்கிரீட்டை
காய்ச்சல்காரனைப்போல் போர்த்திப் படுக்கவைத்து
ராத்திரி முழுக்க டீசல் ஹீட்டர் ஊதினோம்.
அதற்குத்தான் குளிர்ந்தது.
வட்டிக்குக் குளிரவில்லை.
பூஜ்யத்துக்குக் கீழே பதினேழிலும்
அது குட்டி போட்டுக்கொண்டே இருந்தது.

சன்னல்கள் வரவில்லை.
சன்னல் இல்லாமல் குடியேறச் சான்றிதழ் இல்லை,
சான்றிதழ் இல்லாமல் வங்கி இல்லை.
ஒன்பதாம் மாதம் முடிய இன்னும் ஆறு நாள்.
கெடு கேட்கப் போகிறேன்,
அவர் வீடு பாலத்துக்கு அப்பால்,
மணி அடிக்கிறது, கதவு இறங்குகிறது,
பாலம் எழும்புகிறது.

இரும்புத்தாது ஏற்றிய கப்பல்,
ஆயிரம் அடி நீளம்,
அதற்கு என்ன அவசரம்.
உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அசல் நான்கு லட்சத்து எண்பதாயிரம்.
நாளுக்கு நூற்றறுபது டாலர்.
நிமிடத்துக்குப் பதினொரு சென்ட்.
கப்பல் கடந்து பாலம் இறங்க
பதினெட்டு நிமிடம், இரண்டு டாலர்.
ஒரு காபிகூட வராது அதற்கு.
ஒன்பது மாதமாய் உறங்கவிடாத ஒன்று
இவ்வளவு சில்லறையா என்று
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
பக்கத்து வண்டியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கிராவுஸ் கதவைத் திறந்தபோது ஏப்ரன் கட்டியிருந்தார்.
அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை.
தொண்ணூறு நாள், ஒரு விழுக்காடு என்றார்.
நான் அரை என்றேன்.
அவர் பேரம் பேசவில்லை.
மேசையிலிருந்த ஒரு பில்லை என் பக்கம் திருப்பினார்.
மேட்டில் இருக்கும் முதியோர் மருத்துவ இல்லம்.
லோரெட்டா கிராவுஸ், அறை 214, டிசம்பர் மாதத்துக்கு
ஒன்பதாயிரத்து எழுநூறு.
"பாதி நீ கட்டுகிறாய், தைமி.
மீதி, சுப்பீரியரில் மோட்டல் புதுப்பிக்கும் ஒருவன்.
அவன் போன மாதம் கட்டவில்லை."

என்ன சொல்வது.
அவர்மேல் நான் வளர்த்துவைத்திருந்த கோபத்தை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
காபியைக் குடித்தேன்.
பிறகு ஒரு விழுக்காட்டுக்கே கையெழுத்துப் போட்டேன்.
இரக்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள்.
அந்தப் பத்திரத்தில் என் வீடும் ஈடாக இருந்தது.

திங்கட்கிழமை அவரே கட்டடம் பார்க்க வந்தார்.
மாடிச் சுவரை விரல்முட்டியால் தட்டினார்,
காது வைத்துக் கேட்டார்,
அடுத்த அடி நகர்ந்து மறுபடி தட்டினார்,
சொத்தை தேடுகிற மாதிரி.
"வலிக்கிறதா?" என்று டெஃபோ கேட்டான்.
கிராவுஸ் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.
முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

சன்னல்கள் வியாழன் மாலை வந்தன,
மொத்தம் இருபத்தாறு.
ஒன்று மட்டும்
இடவலம் மாறி.